எரு போட்டீங்க சரி, மூட்டையைக் குறைச்சீங்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. வயல் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் எழுதலை. கிணத்துத் தண்ணி குடிக்கிறவங்க, வீட்டில் குப்பை கொட்டுறவங்க எல்லாரும் படிங்க.

"டாக்டர், ஆர்கானிக் அரிசி வாங்கலாமா? யூரியா போட்ட அரிசி கிட்னியைக் கெடுக்குமாமே?"

அடிக்கடி வரும் கேள்வி. யூரியா போட்டு விளைஞ்ச நெல்லில் யூரியா உட்கார்ந்திருக்காதுங்க. மண்ணில் விழுந்த யூரியா ஒரு சில நாளில் அம்மோனியமா மாறும், அப்புறம் நைட்ரேட்டா மாறும். வேர் பெரும்பாலும் இந்த ரெண்டு வடிவத்தில்தான் எடுத்துக்கும். மாட்டு எரு மக்கினாலும் கடைசியில் வருவது இதே அம்மோனியம், இதே நைட்ரேட். மூட்டையில் இருந்து வந்ததா தொழுவத்தில் இருந்து வந்ததான்னு வேர் கேட்காது. அதனால் "யூரியா சோறு, கிட்னி காலி" என்கிற வாட்ஸ்அப் ஃபார்வர்டை டெலீட் பண்ணிடுங்க.

ஆனா எனக்கு யூரியா மேல வேற கவலை இருக்கு. வயலில் போட்ட யூரியாவில் இருக்கிற தழைச்சத்தில் பாதியைக்கூட நெல் பயிர் எடுக்கிறதில்லை. மீதி எங்கே போகுது? கொஞ்சம் அம்மோனியா ஆவியா காத்தில். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடா. மயக்க மருந்து டாக்டர்கள் ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்தும் அதே வாயுதான், சிரிப்பு வாயு. கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும். இன்னும் கொஞ்சம் நைட்ரேட்டா தண்ணியோட கீழே இறங்குது. இந்தக் கடைசிப் பங்குதான் மருத்துவரா என்னைத் தொந்தரவு பண்ணுது.

1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்கிற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். பண்ணை வீட்டுக் கிணத்துத் தண்ணியில் கலந்த புட்டிப்பால் குடிச்ச பச்சைக் குழந்தைகள் நீலம் பாய்ஞ்சு வந்தாங்க. காரணம் கிணத்தில் இருந்த நைட்ரேட். குழந்தையின் குடலில் நைட்ரேட் நைட்ரைட்டா மாறுது, ரத்தத்தில் கலக்குது, ஹீமோகுளோபினைக் கெடுக்குது. அப்படிக் கெட்ட ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும், ஆக்சிஜன் கொடுத்தாலும் உதட்டின் நீலம் மாறாது. மெத்திலீன் ப்ளூ ஊசி போட்டால் மீளலாம், யாராவது அதை யோசிச்சால். ஆறு மாசத்துக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இதில் ஒரு விஷயம் கவனிங்க. அன்னைக்குச் சிக்கின கிணறுகள் ஆழமில்லாத, மாட்டுத் தொழுவத்துக்கும் கழிப்பறைக் குழிக்கும் பக்கத்தில் இருந்த கிணறுகள். அந்த நைட்ரேட்டில் "இயற்கை" நைட்ரேட்டும் உண்டு. அளவு மிஞ்சினா எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்.

நம்ம நாட்டில் குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக் கூடாது. 2024-க்கான மத்திய நிலத்தடி நீர் வாரிய அறிக்கையைப் பாருங்க. நாடு முழுக்க எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒண்ணு இந்த வரம்பைத் தாண்டியிருக்கு. தமிழ்நாட்டில் மூணில் ஒண்ணுக்கும் மேல. எல்லாமே உரத்தால வந்ததுன்னு நான் சொல்லலை. செப்டிக் டேங்க், சாக்கடை, கால்நடைக் கழிவு எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. ஆனா வயலுக்கு நடுவில் இருக்கிற கிணத்துக்கு உரத்தின் பங்கு சின்னது கிடையாது.

பயந்துடாதீங்க. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு இந்தப் பிரச்சனை வராது. ஆறு மாசம் வரை தண்ணியே வேண்டாம்னு நாங்க தலைபாடா அடிச்சுக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். புட்டிப்பால் கலக்கித்தான் ஆகணும் என்றால், கிணத்துத் தண்ணியை நைட்ரேட்டுக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கோங்க. கொதிக்க வச்சா நைட்ரேட் போகாது. தண்ணி ஆவியாகி, இருக்கிறது இன்னும் அடர்த்திதான் ஆகும்.

அடுத்து பூச்சி. இதை யாரும் உரத்தோட சேர்த்துப் பேசுறதில்லை. தழைச்சத்து மிஞ்சினா நெல் கரும்பச்சையா, கொழுகொழுன்னு நிக்கும். பார்க்க அழகு. புகையானுக்கும் அது அழகுதான். குலைநோய் வரும், காத்தடிச்சா சாயும். பச்சை அதிகமானதும் பூச்சி, பூச்சி வந்ததும் தெளிப்பு. தெளிக்கிற மருந்தில் புகையானைத் தின்னும் சிலந்தியும் செத்துப் போக, ரெண்டு வாரத்தில் புகையான் இன்னும் அதிகமா வரும், மறுபடி தெளிப்பு. அந்த டேங்கை முதுகில் சுமக்கிறவர் கையுறை, முகக்கவசம் எதுவும் இல்லாத கூலி ஆள். வேர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் ஒழுகி, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி ஒருவரைக் கொண்டு வந்தால் நாங்க அட்ரோபினை எடுக்கிறோம். கேஸ் ஷீட்டில் "பூச்சிமருந்து" என்று எழுதுவோம். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி போட்ட கூடுதல் அரை மூட்டை யூரியா எந்த கேஸ் ஷீட்டிலும் வராது.

சரி, எவ்வளவு போடணும்? இங்கேதான் மண் பரிசோதனை வருது.

ரத்தம் எடுக்காம, பிரஷர் பார்க்காம, "போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதின மருந்தே உங்களுக்கும்" என்று நான் சீட்டு எழுதினால் என்னைச் சும்மா விடுவீங்களா? வயலுக்கு அதைத்தான் பண்றோம். உரக்கடைக்காரர் சொல்றதுதான் பிரிஸ்கிரிப்ஷன். பாவம், அவரைத் திட்டி என்ன? ரிப்போர்ட் கொண்டு போனால்தானே அவரும் பார்ப்பார்.

அரசாங்கம் 2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டத்தை ஆரம்பிச்சது. தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அதோட கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து என்று மொத்தம் 12 விஷயம். நல்ல திட்டம். நான் குறை சொல்ல வர்றது மாதிரி எடுத்த விதத்தை. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டு எடுத்தாங்க. 2.5 ஹெக்டேர் என்றால் ஆறு ஏக்கருக்கு மேல. டெல்டாவில் அதுக்குள்ள நாலஞ்சு பேர் நிலம் இருக்கும். ஒருத்தர் எரு போட்டவர், ஒருத்தர் பத்து வருஷமா டி.ஏ.பி. மட்டும் போட்டவர், இன்னொருத்தர் குத்தகைக்கு விட்டுட்டு ஊரிலேயே இல்லாதவர். எல்லாருக்கும் ஒரே அட்டை! தெருவுக்கு ஒருத்தர் ரத்தம் எடுத்து, தெரு மொத்தத்துக்கும் சர்க்கரைன்னு சொல்ற கதை. அட்டை வீட்டில் அலமாரியில் கிடக்குதுன்னா விவசாயி மேல மட்டும் தப்பு சொல்ல முடியாது.

அதனால் உங்க வயல் மண்ணை நீங்களே எடுங்க. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கு, வேளாண் அறிவியல் நிலையங்கள் பலவற்றிலும் பார்க்கிறாங்க. கட்டணம் ஒரு மூட்டை உரத்தோட ஒப்பிட்டால் பேசவே தேவையில்லாத அளவு.

எடுக்கிற விதம் முக்கியம். குளுக்கோஸ் டிரிப் ஓடிக்கிட்டிருக்கிற கையில் ரத்தம் எடுத்தால் சுகர் 500 காட்டும். எந்த நர்ஸும் அப்படி எடுக்க மாட்டாங்க. வயலிலும் அதே விதிதான்: எருக்குழி பக்கம், வரப்போரம், மரத்தடி, கிணத்தடி, உரம் போட்டு கொஞ்ச நாளே ஆன இடம், இங்கெல்லாம் எடுக்காதீங்க. வளைஞ்சு வளைஞ்சு நடந்து பத்துப் பதினைஞ்சு இடத்தில், மேலே கிடக்கிற சருகை மட்டும் ஒதுக்கிட்டு, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டி, நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம் வரைக்கும் ஓரமா ஒரே கனத்தில் சுரண்டி எடுங்க. கரும்பு, வாழை, பருத்திக்கு இன்னும் ஆழம், சுமார் 22 செ.மீ. எல்லாத்தையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி, நாலா பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளி, கடைசியா அரை கிலோ வர்ற வரைக்கும் குறைச்சு, நிழலில் உலர்த்துங்க. பழைய உரச் சாக்கில் போட்டுக் கொண்டு போகாதீங்க, அது டிரிப் ஓடுற கைதான்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் "எது குறைவு" என்று பார்ப்பாங்க. நீங்க முதலில் "எது அதிகம்" என்று பாருங்க. காசு மிச்சமாகிற இடம் அதுதான். மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல, சாம்பல் சத்து 280-க்கு மேல என்றால் அது "அதிகம்" பட்டியல். அப்புறமும் வருஷா வருஷம் டி.ஏ.பி.யைக் கொட்டுறது, ஹீமோகுளோபின் 15 இருக்கிறவருக்கு இரும்பு ஊசி போடுற மாதிரி. கூடுதல் மணிச்சத்து துத்தநாகத்தை வேருக்குக் கிடைக்க விடாமலும் பண்ணும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு 14 நாள் ஜிங்க் மாத்திரை தர்றோமே, அதே துத்தநாகம்தான். நிலத்தில் அது குறைஞ்சா நெல் இலையில் துரு மாதிரி புள்ளி விழும். விவசாயி அதை யூரியா பத்தலைன்னு நினைச்சு இன்னொரு அரை மூட்டை வீசுவார்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எரு போடுறவங்க, தக்கைப்பூண்டு மடக்கி உழுறவங்க, மண்புழு உரம் வாங்குறவங்க நம்ம ஊரில் நிறைய பேர் இருக்காங்க. நான் பார்க்கிறவரைக்கும் முக்கால்வாசிப் பேர் அதைப் போட்டுட்டு, ரசாயன உரத்தையும் பழைய அளவிலேயே போடுறாங்க. கூட்டல் நடக்குது, கழித்தல் நடக்கலை. ஜுரத்துக்கு நான் எழுதின பாராசிட்டமாலோட மெடிக்கலில் வேற பேரில் வாங்கின பாராசிட்டமாலையும் சேர்த்துப் போடுற கேஸ் இது. ரெண்டுமே நல்ல மருந்துதான், கல்லீரலுக்குத்தான் கணக்கு மிஞ்சும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மத்திய கால நெல்லுக்குப் பொதுவா சொல்ற அளவு ஹெக்டேருக்கு 150 கிலோ தழை, 50 மணி, 50 சாம்பல். ஏக்கருக்கு 60, 20, 20. மணிச்சத்துக்கு டி.ஏ.பி. 43 கிலோ போட்டால் அதிலேயே 8 கிலோ தழைச்சத்து வந்துடும். பாக்கி 52 கிலோவுக்கு யூரியா சுமார் 113 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ரெண்டரை.

ஏக்கருக்கு 5 டன் மக்கின தொழு உரம் போட்டீங்கன்னு வைங்க. அதில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம், ஆக 25 கிலோ. ஆனா எரு மெதுவா விடுற மருந்து. முதல் போகத்தில் மூணில் ஒரு பங்குதான் கிடைக்கும்னு வச்சால் 8 கிலோ. அது யூரியாவில் 17, 18 கிலோ. தக்கைப்பூண்டு 45 நாளில், பூ எடுக்கிற சமயம் மடக்கி உழுதால், நல்லா வளர்ந்திருந்தா ஏக்கருக்கு 25, 30 கிலோ தழைச்சத்து மண்ணுக்கு வரும். அது சீக்கிரம் மக்கும். பாதி கிடைச்சாலும் யூரியாவில் 27-க்கு மேல. ரெண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு மூட்டை. ரெண்டரையில் ஒண்ணு. இது தோராயம்தான், உங்க மண்ணுக்கு ஏத்தபடி கூடும், குறையும். ஆனா "இயற்கைக்கு மாறினா உரமே வேண்டாம்" என்கிற மேடைப் பேச்சும் கிடையாது, "எருவால என்ன ஆகப் போகுது" என்கிற அலட்சியமும் கிடையாது. ஒரு மூட்டை. அதைக் குறைக்கலைன்னா எரு போட்ட புண்ணியத்தில் பாதி கிணத்துக்குப் போகும்.

இந்தக் கழித்தல் புதுசு ஒண்ணும் இல்லை. 1967-லேயே டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ராமமூர்த்தி குழுவினர் மண்ணில் இருக்கிறதையும் எடுக்க நினைக்கிற விளைச்சலையும் வச்சு உரத்தைக் கணக்கிடும் முறையைக் கோதுமையில் காட்டிட்டாங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகம் நம்ம பயிர்கள் பலவற்றுக்கு அந்தச் சமன்பாடுகளை வச்சிருக்கு, எரு போட்டால் எவ்வளவு கழிக்கணும்னு அதிலேயே வருது. மண் ரிப்போர்ட்டோட போய்க் கேளுங்க.

கழிச்ச பிறகு "பயிர் வெளுத்துடுமோ" என்ற பயம் வரும். நியாயமான பயம்தான். அதுக்கு இலை வண்ண அட்டை இருக்கு. நடவு முடிஞ்சு ரெண்டு வாரத்தில் இருந்து வாரம் ஒரு தடவை, காலையில், பத்து செடியில் நல்லா விரிஞ்ச மேல் இலையை அட்டையோட வச்சுப் பாருங்க. உங்க நிழல் இலை மேல விழட்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அதுக்குக் கீழே இருந்தால் மட்டும் அடுத்த தவணை யூரியா. சர்க்கரை நோயாளிகளுக்குப் புரியும்படி சொல்றேன்: மண் பரிசோதனை உங்க எச்.பி.ஏ.1.சி. மாதிரி, இலை வண்ண அட்டை வீட்டில் வச்சிருக்கிற குளுக்கோமீட்டர் மாதிரி.

ஒரேயடியா உரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைத் தாண்டி உதாரணம் வேண்டாம். 2021 மே மாசம் வர்த்தமானி போட்டு ரசாயன உர இறக்குமதியைத் தடை பண்ணாங்க. மண்ணை டெஸ்ட் பண்ணலை, எரு தயாரா இல்லை, விவசாயியைக் கேட்கலை. சீனாவில் இருந்து இயற்கை உரம் ஏற்றி வந்த கப்பல், மாதிரியில் கெட்ட பாக்டீரியா இருந்ததாச் சொல்லி இறக்கவே விடப்படலை. நவம்பரில் தடையை விலக்கும்போது பெரும்போகம் தொடங்கியாச்சு. நெல் சரிந்தது, தேயிலை சரிந்தது. பல வருஷம் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் ஆள் மயங்கி விழுவார். அதுக்காக ஸ்டீராய்டை ஆயுசுக்கும் தொடரணும்னு அர்த்தம் இல்லை. படிப்படியா குறைக்கணும், குறைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கணும்.

நகரத்தில் இருக்கிறவங்க இதுவரைக்கும் நிம்மதியா படிச்சிருப்பீங்க. இனி உங்க பங்கு.

"மாடே இல்லை, எருவுக்கு எங்கே போக?" என்று விவசாயி கேட்கிறார். உண்மைதான், டிராக்டர் வந்ததும் தொழுவம் காலி. அதே சமயம் கோயம்பேட்டில் மலை மாதிரி காய்கறிக் கழிவு, பொள்ளாச்சியில் தென்னை நார்க் கழிவு, உங்க வீட்டில் தினமும் ஒரு கிண்ணம் தோல், காம்பு, மிச்சச் சோறு. வயலில் இருந்து வந்த சத்து வயலுக்குத் திரும்பாம கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையா கிடந்து எரியுது. நகராட்சிகள் நுண் உரமாக்கல் மையம் வச்சிருக்கு. அங்கே வர்ற குப்பையைப் பார்த்தால்தான் பிரச்சனை புரியும். பேட்டரி, பல்பு, நாப்கின், மாத்திரை அட்டை, உடைஞ்ச தெர்மாமீட்டர், எல்லாம் வாழைப்பழத் தோலோட.

எரு என்றால் எல்லாமே நல்லதுன்னு ஒரு டாக்டரா என்னால் சொல்ல முடியாது. நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்கு காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையே சொல்லுது. காட்மியம் மண்ணில் விழுந்தால் மக்காது, நெல் அதை நல்லா உறிஞ்சும். ஜப்பானில் டொயாமா பகுதியில் சுரங்கக் கழிவு ஆத்து வழியா நெல் வயலுக்குப் போய், அந்த அரிசி சாப்பிட்டவங்க சிறுநீரகம் கெட்டு, எலும்பு நொறுங்கி, வலியில் கத்தின கத்தலே நோய்க்குப் பேராச்சு: இத்தாய் இத்தாய், அவங்க மொழியில் "வலிக்குது வலிக்குது". கலந்த குப்பையை உரம்னு வயலுக்கு அனுப்புறவங்க இந்தப் பேரை ஒரு தடவையாவது படிக்கணும். பச்சைத் தொட்டியில் பேட்டரி போடுற கையும் அதில் சேர்த்தி.

அரைகுறையா மக்கினதும் ஆகாது. குவியல் உள்ளே 55 டிகிரிக்கு மேல பல நாள் சூடு இருந்து, புரட்டிப் போட்டால்தான் புழு முட்டையும் கிருமியும் சாகும். பச்சை வைக்கோல், மக்காத நார்க் கழிவை அப்படியே போட்டால் அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களே மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கும், பயிர் மஞ்சளாகும், விவசாயி மறுபடி யூரியா மூட்டையைத்தான் பிரிப்பார். நல்லா மக்கினது மண் வாசனை அடிக்கும், கையில் உதிரும், சூடு இருக்காது.

அரசாங்கத்துக்கு ஒண்ணு. 2010-ல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்கு மானிய முறையை மாத்தினீங்க, யூரியாவை மட்டும் தொடலை. இன்னைக்கு ஒரு மூட்டை யூரியா 270 ரூபாய்க்குள்ள, டி.ஏ.பி. 1,350 ரூபாய். ஒரு மூட்டை யூரியா இந்த விலையில் கிடைக்கும்போது அதைக் குறைன்னு நான் சொன்னால் விவசாயி சிரிக்கத்தான் செய்வார். விலையை ஏத்துங்கன்னு சொல்லலை, ஏத்தினால் முதலில் அடிபடுறது சின்ன விவசாயி. குறைச்சுப் போட்டு மிச்சம் பிடிக்கிற மானியத்தில் ஒரு பங்கை அவர் கையிலேயே கொடுங்க, எருவுக்கும் பசுந்தாள் விதைக்கும். தமிழ்நாட்டில் "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுக்கிறாங்க, நல்லது. அந்த விதைப் பையோடவே "இதைப் போட்டால் இத்தனை கிலோ யூரியா குறைங்க" என்று ஒரு சீட்டு வைக்கலாமே. மருந்துப் பாக்கெட்டில் வைக்கலையா?

சம்பா அறுவடை முடிஞ்சு வயல் காலியா கிடக்கும் நாள்தான் மண் எடுக்கத் தோதான நேரம். பையில் உங்க பேர், சர்வே எண், போன பயிர், அடுத்து போடப் போற பயிர் எழுதுங்க. போன போகத்தில் எரு போட்டிருந்தால் எத்தனை டன் என்பதையும் மறக்காம எழுதிக் கொடுங்க. நிறைய பேர் விடுறது அந்த வரியைத்தான்.